டம்மிக் கிணற்றுக் காய்ச்சல்

மாநகராட்சி மலேரியா கிளினிக்கில் முப்பத்தைந்து வருஷம் ரத்தப் பரிசோதனை செய்தவள் நான். அதனால் ஆட்களை அவர்களுடைய இடது கை மோதிர விரலை வைத்துத்தான் எனக்குப் பழக்கம். ரத்தம் எடுப்பது அந்த விரலில்தான். பூக்கட்டுகிறவர்களுக்கு விரல் நுனியில் நார் அறுத்த கோடு இருக்கும். தையல்காரர்களுக்குத் தோல் காய்த்துப்போய் ஊசி லேசில் இறங்காது. தி.நகர் ஜவுளிக்கடைகளில் நாள் பூரா புடவை விரித்துப் போடுகிறவர்களுக்கு ரேகையே தேய்ந்து விரல் வழவழவென்று இருக்கும். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. இப்போதும் பேருந்தில் யாராவது கம்பியைப் பிடித்தால் என் கண் அந்த விரலுக்குத்தான் போகிறது.

போன மாதம் நந்தனத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த லேப் டெக்னீஷியன்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. என்னையும் கூப்பிட்டு, ஒரு பொன்னாடை போர்த்தி, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். இப்போது ரத்தத்தை ஒரு சின்ன அட்டையில் சொட்டு விட்டால் கால் மணி நேரத்தில் கோடு தெரிகிறது. கண்ணாடித் தகட்டைத் தானே பார்த்துக் கணக்குச் சொல்லும் மைக்ராஸ்கோப்பும் வரப்போகிறதாம். இடைவேளையில் பெனாசிர் என்ற பெண் என்னிடம் வந்து, "இதெல்லாம் இல்லாம நாள் பூரா மைக்ராஸ்கோப்லயே கண்ணை வச்சிட்டு இருந்தீங்களே மேடம், போர் அடிக்கலையா?" என்று கேட்டாள். "இல்லையே" என்று மட்டும் சொன்னேன். கையில் டீ இருந்தது, சுற்றிலும் ஆட்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பயிற்சியில் கற்றுக்கொண்டதை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடை. உலர விடு. குத்து. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வாங்கு. தகட்டின் ஒரு பக்கம் ரத்தத்தைப் பொட்டு மாதிரி தடிமனாகப் பரப்பு. மறுபக்கம் இன்னொரு தகட்டின் ஓரத்தால் மெல்லிசாக இழு. காய்ந்ததும் சிவப்புச் சாயத்தில் ஒரு முக்கு, கழுவு. நீலச் சாயத்தில் ஒரு முக்கு, கழுவு. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மைக்ராஸ்கோப்பின் கீழே வை. மலேரியாக் கிருமி முதன்முதலில் என் கண்ணில் பட்டபோது எனக்கு இருபத்துமூன்று வயது. ரத்த அணுவுக்குள் மெல்லிய நீல மோதிரம், அதில் ஒற்றைச் சிவப்புக் கல். வீட்டில் போய் எவ்வளவு அழகு தெரியுமா என்று சொன்னேன். "அடி போடி, எவனுக்கோ குளிர்க்காய்ச்சல், உனக்கு அழகா?" என்றாள் அம்மா.

மைக்ராஸ்கோப்பில் ஒரு சமயத்தில் கண்ணுக்குத் தெரிகிற வட்டத்தை ஃபீல்டு என்போம். கிருமி தெரிந்துவிட்டால் வேலை சுலபம், எழுதிவிடலாம். தெரியவில்லை என்றால் தகட்டை நகர்த்தி நகர்த்தி நூறு ஃபீல்டாவது பார்த்த பிறகுதான் 'இல்லை' என்று எழுத வேண்டும். இதுதான் விதி. இந்த விதியோடு சேர்த்து நான் தேவசகாயம் சாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

தேவசகாயம் சார் எங்கள் வட்டாரத்துப் பூச்சியியல் அலுவலர். நாகர்கோவில் பக்கம். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் நீளமான காம்பு வைத்த வெள்ளைப் பீங்கான் கரண்டி ஒன்று இருக்கும். முதல் நாள் அவரைப் பார்த்தபோது, எங்கேயோ கல்யாணத்தில் ரசம் ஊற்றப் போகிறவர் என்றுதான் நினைத்தேன். அது கொசுப்புழு இருக்கிறதா என்று தண்ணீரை மொண்டு பார்க்கிற கரண்டி. ஐம்பது வயதுக்கு மேல் அந்தக் கரண்டியோடு மூன்று மாடி ஏறி, அதற்கும் மேலே தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியிலும் ஏறுவார்.

அவர் கொசு என்று சொல்லவே மாட்டார். 'அந்தம்மா' என்பார். "கடிக்கது பொம்பளை மட்டுந்தான் மக்ளே. அதுவும் முட்டையிடுகதுக்கு வேண்டித்தான். ஆம்பளை செடியில இனிப்பைக் குடிச்சிட்டு சும்மா சுத்திட்டு கெடப்பான்" என்பார். வேளாண்மை படித்துவிட்டு, முதலில் வாழை நோய்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். முடிக்கொத்து நோய் வந்த வாழையின் சாற்றைக் குடித்த அசுவினிப் பூச்சி அடுத்த மரத்தில் போய் உட்கார்ந்தால் அங்கேயும் அந்த நோய் வந்துவிடுமாம். "அங்க வாழை, அசுவினி. இங்க மனுசன், அந்தம்மா. வேற ஒரு வித்தியாசமும் இல்ல. கொண்டு போற ஆளையும் அந்த ஆளு பொறந்த எடத்தையும் தேடணும்" என்பார். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. அவர் கேட்கிற கேள்விகள்தான் ஆளைப் பிடித்து உலுக்கும்.

அப்படி என்னை ஒரு தடவை கேட்டார். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்த சுப்பையா என்பவர் காய்ச்சலோடு வந்தார். திருநெல்வேலிக்காரர், நாற்பது வயது இருக்கும். கடை ஊழியர்களோடு மாடியில் தங்கியிருந்தார். அன்று மத்தியானம் என் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள், நான் சீக்கிரம் கிளம்ப வேண்டும். அவருடைய தகட்டில் அறுபது ஃபீல்டு வரை பார்த்தேன். ஒன்றும் இல்லை. இதற்கு மேல் என்ன இருக்கப்போகிறது என்று 'இல்லை' எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேல் லேபுக்கு மறுபரிசோதனைக்குப் போன தகடுகள் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தன. சுப்பையாவின் தகட்டில் கிருமி இருக்கிறது என்று எழுதியிருந்தது.

தேவசகாயம் சார் அந்தத் தகட்டைக் கொண்டுவந்து என் மைக்ராஸ்கோப்பில் அவரே வைத்தார்.

"அன்னைக்கு எத்தனை ஃபீல்டு மக்ளே?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. "அறுபது சார்."

"சரி. மிச்சம் நாப்பது பாத்துரு. நான் இருக்கேன்." பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எழுபத்திரண்டாவது ஃபீல்டில் இருந்தது மோதிரம். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாத்திரைகளை எடுத்துக்கொண்டு, "வா, போவோம்" என்றார். கடை மாடிக்கு ஏறினோம். சுப்பையா பாயில் படுத்திருந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் வந்து பல்லெல்லாம் கிட்டுகிறது, டைபாய்டு என்று சொல்லி யாரோ மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்றார். சார் என்னைக் காட்டி, "ரத்தம் பாத்த பிள்ளை. மாத்திரை குடுக்க வந்திருக்கு" என்றார்.

சுப்பையா எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானா தாயி? அந்தச் சீட்டைக் காட்டித்தான் கடையில என்னை வேலைக்கு நிக்கச் சொன்னாவ. ரெண்டு நாள் நின்னு பாத்தேன். முடியல."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அவர் மாத்திரை விழுங்குகிற வரை நின்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பதினான்கு நாளும் தினமும் போனேன். கடைசி நாள் அவர் குணமாகிக் கீழே கடையில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க தாயி, பட்டா, பருத்தியா?" என்று சத்தமாகக் கூப்பிட்டார். சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்தத் தகட்டையும் நூறுக்குக் குறைத்து நான் பார்த்ததில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். ஓர் ஆகஸ்ட் மாதம், பத்து நாளுக்குள் மூன்று பேருக்கு மலேரியா. முதலில் வந்தவள் தமிழரசி. கோட்டூர்புரத்தில் அடையாற்றின் கரையோரக் குடியிருப்பு, வயது இருபத்துநான்கு, நாலு மாதக் கர்ப்பிணி. தொழில் என்ற இடத்தில் 'தையல்' என்று எழுதினேன். இரண்டாவது மாணிக்கம், அறுபது வயதுப் பெரியவர், கோடம்பாக்கம். தினமும் வேலை உண்டா என்றதற்கு, "கூப்ட்டா உண்டும்மா" என்றார். 'தினக்கூலி' என்று எழுதினேன். மூன்றாவது மயிலாப்பூரைச் சேர்ந்த தச்சர் ஒருவர். மூன்று பேர், மூன்று ஊர் மாதிரி மூன்று இடம். எங்கள் ஆட்கள் மூன்று வீட்டைச் சுற்றியும் கிணறு, தொட்டி, டிரம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். எல்லாம் மூடியிருந்தன, எதிலும் புழு இல்லை. தேவசகாயம் சார் அவருடைய கரண்டியோடு இன்னொரு தடவை தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அந்தம்மா அதிகமாப் போனா ரெண்டு கிலோமீட்டர் பறப்பா" என்றார். "மயிலாப்பூர்ல இருந்து கோடம்பாக்கத்துக்குப் பஸ்ஸு புடிச்சா போனா? நாம என்னவோ தப்பாக் கேட்டிருக்கோம்."

தப்பாகக் கேட்டது நான்தான் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. தமிழரசி மறுபரிசோதனைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மாணிக்கம் உள்ளே நுழைந்தார்.

"அட நைனா! நீ இன்னா இங்க?" என்றாள் தமிழரசி.

"உனுக்கும் அதானா கண்ணு? எனுக்குக் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. பஞ்சாயத்து சீன்ல துண்டைப் போத்திக்கினு நடுங்கிக்கினு நின்னேன் பாரு, டைரக்டர் வந்து 'பிரமாதமா நடிக்கிறய்யா'ன்னு கையைப் புடிச்சிக் குலுக்குனாரு. காய்ச்சலு சார்னு சொல்ல மனசு வரல."

"நம்ம செட்டு ஆசாரியும் படுத்துக்கினாராம். மயிலாப்பூர்காரரு."

நான் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தேன். தமிழரசி ஒரு டி.வி. சீரியலுக்கு உடை தைக்கிறவள். மாணிக்கம் அதில் ஊர்ப் பெரியவராகக் கூட்டத்தோடு நிற்கிற துணை நடிகர். தச்சர் அந்த சீரியலுக்கு வீடு, கோயில் எல்லாம் கட்டிக் கொடுத்தவர். நடிகர் என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றவரைத் தினக்கூலி என்று எழுதியவள் நான். மூன்று பேரிடமும் எங்கே தூங்குகிறீர்கள் என்று கேட்டேனே தவிர, பொழுது சாய்ந்த பிறகு எங்கே இருப்பீர்கள் என்று கேட்கவில்லை. மாலையிலிருந்து ஷூட்டிங் முடிகிற வரை மூன்று பேரும் இருந்தது கோடம்பாக்கத்தில் ஒரே ஸ்டூடியோவில்.

மறுநாள் மதியம் சாரும் நானும் அங்கே போனோம். ஸ்டூடியோவின் பாதியில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்துவிட்டது. மீதி இடத்தில் ஒரு கிராமத்துத் தெரு போட்டிருந்தார்கள். முன்பக்கம் ஓட்டு வீடு, பின்பக்கம் போய்ப் பார்த்தால் சவுக்குக் கட்டையும் சாக்கும். தயாரிப்பு நிர்வாகி சம்பத் இரண்டு செல்போனில் மாறி மாறிப் பேசிக்கொண்டே வந்தார்.

"இங்க தண்ணி தேங்க எடமே இல்ல சார். எல்லாம் டம்மி. வீடு டம்மி, கோயில் டம்மி..."

"மாடு நெசம்" என்றார் பின்னால் நின்ற மாணிக்கம்.

சார் கேண்டீன் தொட்டியைப் பார்த்தார். மேக்கப் அறை டிரம்மைப் பார்த்தார். மாட்டுத் தொட்டியைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கடைசியில் தெருமுனையிலிருந்த கிணற்றடிக்குப் போனார்.

"அது டம்மிக் கிணறு சார். பிளைவுட்டு, மேல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்."

சார் குனிந்து எட்டிப் பார்த்தார். "டம்மின்னா உள்ள எதுக்குத் தண்ணி?"

சம்பத் செல்போனைக் காதிலிருந்து எடுத்தார். கதாநாயகி தண்ணீர் இறைக்கிற காட்சி ஒன்று இருக்கிறதாம். அதற்காகப் பள்ளம் தோண்டி, தார்ப்பாய் விரித்து, லாரித் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். அதற்குள் கதாநாயகிக்குக் கல்யாணம் நிச்சயமாகி அவர் சீரியலை விட்டுப் போய்விட்டார். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று போட ஆள் கிடைக்கிற வரை கதையை வேறு குடும்பத்துக்குத் திருப்பிவிட்டார்கள். கிணறு இரண்டு மாதமாகக் காத்திருக்கிறது.

சார் கரண்டியின் காம்பில் கயிறு கட்டி இறக்கினார். வந்த தண்ணீர் அப்படித் தெளிவாக இருந்தது, குடிக்கலாம் போல. "பாரு மக்ளே" என்று என்னிடம் நீட்டினார். சாக்கடைக் கொசுவின் புழு தண்ணீரில் தலைகீழாகத் தொங்கும். மலேரியாக் கொசுவின் புழுவோ மேல்மட்டத்தோடு ஒட்டி, பாய் போட்டுப் படுத்த மாதிரி கிடக்கும். வெள்ளைக் கரண்டியில் எட்டு, பத்து புழுக்கள் அப்படிப் படுத்துக் கிடந்தன. சாக்கடையில் மலேரியா பிறப்பதாகத்தான் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். இந்தக் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். காய்ச்சல்காரர் ஒருவரைக் கடித்தால் அவர் ரத்தத்தோடு கிருமியும் அதற்குள் போகும். அங்கே பத்துப் பன்னிரண்டு நாள் வளர்ந்து எச்சிலுக்கு வரும். அப்புறம் அது யாரைக் கடித்தாலும் கிருமி இறங்கும். பொழுது சாய்ந்த பிறகு பளிச்சென்று விளக்குப் போட்டு நூறு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில், நடுவிலேயே அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

"தண்ணியை எறைச்சிருங்க" என்றார் சார்.

"ஐயோ சார்! நாளன்னிக்கு அந்த சீன். புதுப் பொண்ணு வராங்க. இதைக் கொட்டுனா மறுபடி லாரி கெடைக்காது. டைரக்டர் என்னைக் கொன்னுடுவாரு."

"அப்ப மேல எண்ணெய் அடிக்கோம்."

கேமராக்காரர் ஓடி வந்தார். எண்ணெய் அடித்தால் தண்ணீரில் வானவில் மாதிரி மினுக்கும், அந்தப் பெண்ணின் முகம் தண்ணீரில் தெரிகிற மாதிரி ஒரு ஷாட் இருக்கிறது, கெட்டுவிடும் என்றார். நோட்டீஸ் கொடுத்து அன்றே இறைக்க வைக்கிற அதிகாரம் சாருக்கு உண்டு. அவர் அதை எடுக்கவில்லை. கரண்டிக் காம்பிலிருந்து கயிற்றை அவிழ்த்தார்.

"சரி. மீன் விடுகேன். கொசுப்புழு திங்கிற மீன். சாயங்காலத்துக்குள்ள வந்திரும்."

"மீனா? கதையில மீன் இல்லையே சார்!"

"கொசுவுந்தான் கதையில இல்ல. வந்து நடிக்கலையா?"

சம்பத்தே சிரித்துவிட்டார். சாயங்காலம் பிளாஸ்டிக் பையில் மீன் வந்தது. விரல் நீளம்கூட இல்லாத சாம்பல் நிற மீன்கள். சார் முழங்கால் போட்டு உட்கார்ந்து, பையைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, அப்புறம்தான் வாயைத் திறந்துவிட்டார். மறுநாள் காலை கரண்டியில் ஒரு புழு வரவில்லை. காட்சி எடுத்து முடித்ததும் தண்ணீரை இறைத்துவிடுகிறேன் என்று சம்பத் எழுதிக் கொடுத்தார். சொன்னபடி செய்தார். அந்த அத்தியாயத்தை நான் டி.வி.யில் பார்த்தேன். புதுக் கதாநாயகி கிணற்றில் எட்டிப் பார்க்கும்போது அவர் முகத்துக்குக் குறுக்கே இரண்டு மீன் போகும். டைரக்டருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டதாம்.

மீன் வருகிற வரை நாங்கள் சும்மா இல்லை. ஊர்ப் பஞ்சாயத்து ஆலமரத்தடியில் மேஜை போட்டு, அங்கே இருந்த அத்தனை பேருக்கும் ரத்தம் எடுத்தேன். மாமியார் வேஷம் போட்டவர் நகப்பூச்சு கலையக்கூடாது என்றார். ஆறடி உயர வில்லன் நடிகர் ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வலிக்குமா மேடம்?" என்று மாணிக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து கதைப்படி என் குடிசையைக் கொளுத்துனவன்யா இவன்! இப்ப இந்தக் கை எப்டி நடுங்குது பாரு!" என்று மாணிக்கம் கூவியதில் செட்டே சிரித்தது.

சம்பத் மட்டும் தனக்கு நேரமில்லை என்றார். "உடம்பு அலுப்பா இருக்கா?" என்று கேட்டார் சார். "அலைச்சல் சார். நாலு நாளா சாயங்காலம் ஆனா உடம்பு முறுக்குது, ஒரு மாத்திரை போட்டுப்பேன்" என்றார் அவர். சார் அவர் கையைப் பிடித்து என் பக்கம் நீட்டினார்.

எல்லாத் தகடுகளையும் பார்த்து முடிக்க மூன்று நாள் ஆனது. இன்னும் மூன்று பேருக்குக் கிருமி இருந்தது. ஒருவர் சம்பத். போய்ச் சொன்னபோது, "எனக்கா? நான் ஏசி ரூம்ல இருக்கறவன் மேடம்" என்றார். அதற்கப்புறம் அந்த ஸ்டூடியோவில் மூடி இல்லாத வாளியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை என்று கேள்வி. அடுத்த மூன்று வாரத்தில் முன்பே கடிபட்ட இரண்டு பேர் வந்தார்கள். பிறகு அங்கிருந்து ஒருவரும் வரவில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தமிழரசி இருந்தாள்.

இந்த வகை மலேரியாவில் கிருமி ரத்தத்தில் அழிந்த பிறகும் கொஞ்சம் ஈரலில் போய்ப் படுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் தூங்கிவிட்டு எழுந்து வரும். அதை அழிக்கத்தான் பதினான்கு நாள் மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு அந்த மாத்திரை கூடாது. அதனால் பிரசவம் ஆகிற வரை வாரம் ஒரு முறை வேறொரு மாத்திரை கொடுத்து, கிருமி தலைதூக்காமல் பார்த்துக்கொள்ளும்படி டாக்டர் எழுதியிருந்தார். திங்கள்தோறும் வரச் சொல்லி அட்டை கொடுத்திருந்தேன். அக்டோபர் வரை சரியாக வந்தாள். மழை ஆரம்பித்ததும் ஒரு திங்கள் வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. கோட்டூர்புரத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஆற்றங்கரையில் அவர்கள் வீடு இருந்த இடத்தில் வீடுகளே இல்லை. எல்லோரையும் நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிக்கு மாற்றிவிட்டார்கள். என் ரிஜிஸ்டரில் இருந்த முகவரியில் இப்போது செங்கல் குவியல்தான் இருந்தது.

மாணிக்கம்தான் விசாரித்துச் சொன்னார். இரண்டு பஸ் மாறிப் போனேன். ஒரே மாதிரி கட்டடங்கள், ஒரே மாதிரி படிக்கட்டுகள். நாலாவது மாடியில் கதவைத் தட்டினால் தமிழரசியின் புருஷன் குமார் திறந்தான், ஆட்டோ ஓட்டுகிறவன். உள்ளே அவள் மூன்று போர்வைக்குள் கிடந்தாள்.

"பஸ்ஸுல அங்க வர்றதுக்கே ரெண்டு மணி நேரம் ஆவுதுக்கா. வயித்தைப் புடிச்சிக்கினு நிக்க முடியல. நல்லாத்தான கீறோம், ஒரு வாரந்தானேன்னு உட்டுட்டேன்."

முகம் வெளுத்திருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், அங்கேயும் ரத்தம் இல்லை. விரலில் ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு, குமாரின் ஆட்டோவிலேயே மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் என் கையை விடவில்லை. "கொழந்தைக்குப் போவுமாக்கா இது?" என்று இரண்டு தடவை கேட்டாள். போகலாம், போகாமலும் இருக்கலாம். எனக்கு அதற்கு மேல் தெரியவில்லை. அப்படியே சொன்னேன்.

தகட்டில் எண்ணுவதற்கு வேலையே இல்லை, மோதிரம் மோதிரமாக இருந்தது. மருந்து கொடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தை வளர்ச்சி குறைவாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் சாரிடம் போய், அட்டையைக் கொடுத்தேனே தவிர அவளால் வர முடியுமா என்று கேட்கவே இல்லை என்று சொல்லி அழுதுவிட்டேன்.

"நோயாளி நம்மளத் தேடித்தான் வரணும்னு சட்டம் ஒண்ணும் இல்லையே மக்ளே" என்றார். அன்றைக்கே புது இடத்து சுகாதாரப் பணியாளர் ஒருவரிடம் பேசி, திங்கள்தோறும் மாத்திரை அவள் வீட்டுக் கதவுக்குப் போகிற மாதிரி செய்தார். பிரசவம் வரை ஒரு திங்கள்கூடத் தவறவில்லை.

மார்கழிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவுதான், ஆனால் நல்ல குரல். எட்டாம் நாள் காலை கிளினிக் திறக்கிற நேரத்துக்குக் குமாரும் தமிழரசியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கையில் ஒரு கம்பளி மூட்டை.

"ஒடம்பு சுடுதுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்ன நீ பாத்துச் சொல்லிடு" என்றாள். அதற்குள் அழுது முடித்திருந்தாள்.

தாய்க்கு மலேரியா இருந்திருந்தால் பிறந்த குழந்தையின் காய்ச்சலை லேசாக விட முடியாது. அன்று ஏதோ கடிதம் கொடுக்க வந்திருந்த தேவசகாயம் சார் கடிதத்தை மறந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். குழந்தைக்குக் குதிகாலில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். கம்பளியை விலக்கி ஒரு காலை மட்டும் வெளியே எடுத்தேன். என் கட்டைவிரல் அளவு பாதம். குத்தியதும் கிளினிக்கே அதிர்கிற மாதிரி ஓர் அழுகை. தகட்டைக் காயவைத்து, சாயம் ஏற்றி, கண்ணை வைத்தேன்.

பத்து. இருபது. ஐம்பது. குமார் வெளியே போய்விட்டு உடனே உள்ளே வந்தான். நூறு வரை பார்த்தேன், இல்லை. தகட்டை எடுக்க மனம் வரவில்லை. இன்னொரு நூறு பார்த்தேன். வட்டம் வட்டமாக, சுத்தமான ரத்த அணுக்கள். வேறு எதுவும் இல்லை.

"இல்ல தமிழு. குழந்தைக்கு இல்ல."

"அப்ப ஏங்க்கா சுடுது?"

தேவசகாயம் சார் எழுந்து வந்தார். "முதல்ல அந்தக் குல்லாவைக் கழத்து மக்ளே" என்றார். கம்பளிக் குல்லாவைக் கழற்றினோம். அதன் கீழே ஒரு துணிக் குல்லா இருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றினோம். அதன் கீழே இன்னொரு சட்டை, கையுறை, காலுறை. சென்னைக் குளிருக்குப் பயந்து குழந்தையை இமயமலைக்கு அனுப்புகிற மாதிரி கட்டி வைத்திருந்தார்கள். தலையெல்லாம் வியர்வை. கால் மணி நேரத்தில் சூடு தணிந்தது. எதற்கும் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்றேன். காட்டினார்கள், அங்கேயும் ஒன்றும் இல்லை என்றார்கள்.

கிளம்புவதற்கு முன் தமிழரசி குழந்தையைச் சாரின் கையில் கொடுத்தாள். கட்டவிழ்ந்த சுகத்தில் கையையும் காலையும் உதைத்துக்கொண்டிருந்த குழந்தை, அந்த வெள்ளைச் சட்டையை நெஞ்சிலிருந்து இடுப்பு வரை நனைத்துவிட்டது. தமிழரசி பதறிப்போய்க் கையை நீட்டினாள். சார் கொடுக்கவில்லை. அப்படியே நின்றுகொண்டு, "அவளும் சாம்பிள் குடுத்துட்டா மக்ளே, எழுதிக்கோ" என்றார்.

நான் ரிஜிஸ்டரைத் திறந்தேன். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. 'தமிழரசியின் மகள், எட்டு நாள்' என்று எழுதி, கடைசிக் கட்டத்தில் 'இல்லை' என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.